சிலிபினுக்கு வந்த கொடிக்கால்

மங்களத்துக்கு எப்போதும் வாய்தான் முந்தும். மூளை பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். இது அவளுக்கே நன்றாகத் தெரியும், தெரிந்து என்ன பிரயோசனம்? அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் புருஷன் சன்னாசி கொடிக்காலுக்குள் நின்றபடி "ஐயோ, போச்சே!" என்று தலையில் கைவைத்ததும், வேலிக்கு வெளியே வாளியோடு நின்ற ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்து, ஒரு நொடிகூட யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"ஏண்டி பாப்பா, நீ உள்ள போனியா?"

பாப்பா சன்னாசியின் தம்பி சீனியின் பெண்டாட்டி. கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. காம்பார் ஊர்க்காரி. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற ரகம். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்போடு யாரும் வரக்கூடாது, வீட்டுக்குத் தூரமான பெண்கள் வேலியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் கொடி பட்டுப்போகும் என்பது சன்னாசியின் கண்டிப்பான சட்டம். கொடிகளைச் சிலிபினுக்குக் கொண்டுவந்து நட்ட புதன்கிழமையன்று பாப்பாவுக்கு இரண்டாம் நாள். ஒரே ஓர் அறையும் ஒரு தகரக் கொட்டகையும் உள்ள வீட்டில் இதையெல்லாம் யாரிடம் மறைக்க முடியும்?

"போகலக்கா," என்றாள் பாப்பா. "வேலி வரைக்கும் சாக்கத் தூக்கியாந்து வச்சேன். அதோட சரி."

சன்னாசியின் காதில் கேள்வி விழுந்த அளவுக்குப் பதில் விழவில்லை. அவன் நிமிர்ந்து பாப்பாவைப் பார்த்தான். மங்களத்துக்கு அந்தப் பார்வை தெரியும். இனி அந்த மனுஷனிடம் எதைச் சொன்னாலும் கல்லில் கொட்டிய தண்ணீர்தான்.

அவன் பதறுவதிலும் நியாயம் இருந்தது. ஏழாங்கட்டைத் தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கித்தா என்று அவர்கள் சொல்லும் ரப்பர் மரங்களைச் சாய்க்க ஆரம்பித்த அந்த எழுபத்தேழாம் வருஷத்தில் லயத்து ஜனங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போனார்கள். பாதிப்பேர் ஜெலாப்பாங் பேக்டரிகளுக்கு. மீதிப்பேர் இன்னும் விற்காத தோட்டங்களுக்கு. சன்னாசி மட்டும், "இனிமே விடியுமுன்ன எவன் பெரட்டுக்கும் போயி பேர் குடுத்து நிக்க மாட்டேன்லா" என்று பால்வெட்டு உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். தோட்டத்து ஆற்றோரத்தில் எட்டு வருஷமாக அவன் வளர்த்த நாற்பது வெற்றிலைக் கொடிகள் இருந்தன. அவற்றை நம்பித்தான் அந்த வீராப்பு. ஈப்போவை ஒட்டிய சிலிபினில், ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற துரைசிங்கம் ஐயா தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தையும் பழைய வேலைக்காரர் வீட்டையும் வாடகைக்கு விட்டார். நாலு மாதம் முன்பே வந்து, கொடி ஏற முள்முருங்கைப் போத்துகளை ஊன்றி, அவை துளிர்த்து நிற்கின்றனவா என்று வாராவாரம் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனான் சன்னாசி. தை மாதக் கல்யாணங்களுக்கும் தைப்பூசத்துக்கும் வெற்றிலை தருவதாக ஈப்போக் கடைக்காரர்களிடம் வாக்கும் கொடுத்தாகிவிட்டது. கொடி பிடிக்காவிட்டால் அவனுக்குத் திரும்பிப் போக லயமும் இல்லை, வெட்ட மரமும் இல்லை.

இப்போது நாற்பதில் இருபத்தெட்டுக் கொடிகளின் நுனி முறுக்கிக்கொண்டு நின்றது.

"இவள வச்சுக்கிட்டு இந்த இடத்துல ஒரு கொடியும் ஏறாது," என்றான் சன்னாசி. தம்பியைக் கூப்பிட்டான். "சீனி, இன்னிக்கே காம்பாருக்குப் போ. உன் மாமனார வந்து மகளக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

"அண்ணே, அவதான் போகலேன்னு சொல்றாளே..."

"போகாம எப்புடிடா முறுக்கும்? எட்டு வருஷத்துல ஒரு நாள் முறுக்குனதப் பாத்திருக்கியா? நீயே சொல்லு."

சீனி பெண்டாட்டியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். அவனுக்கு அண்ணன்தான் அப்பன் மாதிரி. பாப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தகரக் கொட்டகைக்குள் போனாள். அழுவாள் என்று மங்களம் காத்திருந்தாள். அவள் அழவில்லை.

மத்தியானம் சன்னாசி படுத்துவிட்ட பிறகு மங்களம் கொடிக்காலுக்குள் போனாள். கொடியை இடம் மாற்றினால் வாடத்தான் செய்யும், அது அவளுக்குத் தெரியும். வாடுகிற இலை துவண்டு தொங்கும். இது தொங்கவில்லை. நுனி திருகியிருந்தது. இளம் இலை அகலம் இழந்து, ஓரம் உள்பக்கம் சுருண்டு, நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. தண்டில் கணுவுக்குக் கணு வீக்கம். ஒரு துளிரைக் கிள்ளிக் கையில் வைத்துப் பார்த்தாள். இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். கித்தாக் காட்டில், கொடிப்பூண்டை அழிக்கக் களை மருந்தடித்த மூன்றாம் நாள், போன இடமெல்லாம் இப்படித்தான் கிடக்கும்.

அவள் தலை தானாகப் பம்பு கிடந்த கொட்டகைப் பக்கம் திரும்பியது.

பதினோரு வருஷம் தோட்டத்தில் மருந்தடித்தவள் மங்களம். விடிந்தால் முதுகில் பம்பு, கையில் குழாய். லாலான் புல்லுக்கு ஒரு மருந்து, கொடிப்பூண்டுக்கு ஒரு மருந்து. கடைசி வாரம் ஸ்டோர்க் கிராணி சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டதால் பம்பைத் திருப்பி வாங்க ஆளில்லை. பித்தளைப் பம்பு, நல்ல கனம். கிடக்கட்டும் என்று வீட்டுச் சாமான்களோடு கட்டி எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை விடியுமுன்னே எல்லாரும் ஆற்றோரம் போய்விட்டார்கள். கட்டுகளை அவிழ்த்து, கொடியை மரத்திலிருந்து மெல்ல இறக்கி, அடி வேரை மண்ணோடு தோண்டி எடுத்து, நீளத்தை வளையம் வளையமாகச் சுருட்டி ஈரச் சாக்கில் கட்டினான் சன்னாசி. இலைக்கு இலை அதட்டினான். "மெதுவா, மெதுவா! கணு ஒடிஞ்சா அதோட தீந்துச்சு!" நவம்பர் மாதம்தானே, மழை துணைக்கு வரும் என்று நம்பியிருந்தார்கள். பாழாய்ப்போன மழை அன்றைக்குப் பார்த்து வரவில்லை. சீனி இரவல் வாங்கி ஓட்டிவந்த லோரி பாதி வழியில் ஒரு மொட்டைச் சாலையில் புகை கக்கி நின்றது. மரமில்லை, நிழலில்லை. உச்சி வெயில். சீனி மெக்கானிக்கைத் தேடி ஓடினான். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. சாக்குகள் காய்ந்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த இலைகள் துவண்டன. சன்னாசி லோரியைச் சுற்றிச் சுற்றி வந்து பைத்தியம் பிடித்தவனைப் போலக் கத்தினான்.

"தண்ணி! யாராச்சும் தண்ணி கொண்டாங்க! இலை மேல தெளிக்கணும்!"

அப்போதுதான் மங்களத்துக்குப் பம்பு நினைவு வந்தது. பக்கத்தில் ஒரு சீனன் காய்கறித் தோட்டத்தில் குழாய் இருந்தது. பம்பை மூன்று தடவை கழுவினாள், தோட்டத்தில் எப்போதும் கழுவுகிற மாதிரி. தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டி, லோரியில் ஏறி, பனித் தூறலாக இலைகள் மேல் அடித்தாள். மேல் வரிசையில் இருந்த இருபத்தெட்டுக் கொடிகளும் நனைந்தன. அடியில், மெத்தைக்கும் அலமாரிக்கும் கீழே இருந்த பன்னிரண்டுக்குத் தேவைப்படவில்லை, அவை நிழலில் இருந்தன.

லோரி மேல் சாக்குகளைப் பிடித்துக்கொண்டு பாப்பாதான் நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

"அக்கா, மருந்து வாடை அடிக்குதுக்கா."

"மூணு தடவ கழுவியாச்சு. பதினோரு வருஷமா பம்பு தூக்குறவளுக்கு நீ சொல்லித் தர்றியா? வாய மூடிக்கிட்டு சாக்கப் பிடி."

மங்களத்துக்கு எந்த வாடையும் அடிக்கவில்லை என்பது நிஜம். பதினோரு வருஷத்தில் அவள் மூக்கு அந்த வாடைக்குச் செத்துப்போயிருந்தது. அன்று சாயங்காலம் சிலிபினில் குழியில் கொடி வளையங்களைப் பதித்து, நுனியை மட்டும் மேலே விட்டு, வாழை நாரால் முருங்கையில் கட்டி முடித்தபோது, வாடியிருந்த இலைகள் நிமிர்ந்திருந்தன. சன்னாசி துரைசிங்கம் ஐயாவிடம் சொன்னான்: "இவ மட்டும் இல்லேன்னா ஐயா, இன்னிக்கு எல்லாம் கருவாடாப் போயிருக்கும்." பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவன் அவளை நாலு பேர் முன்னால் மெச்சியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த மெச்சலுக்குத்தான் இப்போது வட்டி கட்ட வேண்டியிருந்தது. கழுவியது பித்தளையைத்தானே? ரப்பர் குழாய்க்குள்ளும் தோல் வாஷருக்குள்ளும் ஊறிக் கிடந்ததை யார் கழுவினார்கள்? லாலானுக்கு அடிக்கிற பம்பில் அது கிடந்தாலும் கேடில்லை. வெற்றிலைக்கு ஒரு சொட்டே அதிகம். அவளே தன் கையால், நின்று நிதானமாக, ஒரு கொடி விடாமல் விஷம் அடித்திருக்கிறாள். அடித்துவிட்டு, அந்தச் சின்னப் பெண் தலையில் பழியையும் போட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை அவள் தகரக் கொட்டகை வாசலில் போய் நின்றாள். பாப்பா தன் சேலைகளை மடித்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"லோரில வாடை அடிச்சுச்சுன்னு அவருகிட்ட நீ ஏன் சொல்லல?"

பாப்பா நிமிரவில்லை. "நான் சொன்னா மாமா நம்புவாராக்கா? தப்பிக்கிறதுக்கு அக்கா மேலயே பழி போடுறா பாருன்னுதான் சொல்வாரு." ஒரு சேலையை மடித்து முடித்துவிட்டு, "நீங்க சொல்வீங்கன்னு இருக்கேன்," என்றாள்.

அதற்குப் பிறகு மங்களத்தால் அன்று முழுக்க ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒரு மனசு. சொன்னால் என்ன ஆகும் என்று இன்னொரு மனசு. அவன் நாற்பது வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தக் கொடிகளோடு வந்தவன். கொடியைக் கொன்றது தெய்வக் குத்தம் என்றால் ஒரு பூசை போட்டு ஆறுதல் அடைவான். பெண்டாட்டிதான் என்றால்?

சாயங்காலம் அவன் கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு வழியாகச் சொன்னாள். மென்று முழுங்கி, நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான், அடிப்பான் என்று பயந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சத்தமே போடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"இத வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. எனக்கு நம்பிக்கையும் இல்ல, மூணு தடவ கழுவுன பம்புல என்ன இருக்கப்போவுது? ஆனா மருந்துங்கற பேச்சு இந்த வேலியத் தாண்டக் கூடாது. வாயில போட்டு மெல்லுற சாமான்டி இது! சன்னாசி கொடிக்கால்ல விஷம் பட்டுருக்குன்னு ஒரு கடைக்காரன் காதுல விழட்டும், அப்புறம் பொழைக்கிற கொடியோட வெத்தலையக்கூட எவன் வாங்குவான்?"

"அப்ப பாப்பா?"

"அவ அப்பன் வீட்டுக்குத்தானே போறா. காட்டுக்கா போறா? நாலு மாசம் இருந்துட்டு வரட்டும்."

நாலு மாசம்! கொடிக்காலைக் கெடுத்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு போகிற பெண்ணை நாலு மாசம் கழித்து எந்த முகத்தோடு கூட்டிவருவார்கள்? நாளைக்கு வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்கூட அவளைத்தானே பார்ப்பார்கள்? இதெல்லாம் மங்களத்துக்குத் தோன்றியது. தோன்றியும் வாயைத் திறக்கவில்லை. மூடத் தெரியாத வாய், வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டது. அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் பாப்பாவின் அப்பா வந்து சேர்ந்தார். பத்துமலை என்று பேர். காம்பாரில் ஈயச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர், ஒல்லியான மனிதர், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கோப்பி கொடுத்தார்கள், குடிக்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு மகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ள போனியா ஆயி?"

"போகலப்பா."

"சரி." சன்னாசியின் பக்கம் திரும்பினார். "எம்மக பொய் சொல்லி நான் பாத்ததில்ல தம்பி. ஆனா வேணாங்கற வீட்டுல அவ இருக்கவும் வேணாம். எழுந்திரு பாப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பாப்பா பையை எடுத்தாள். சீனி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் கண் கலங்கியிருந்தது. பாப்பா போகிற போக்கில் மங்களத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட மங்களம் தாங்கியிருப்பாள். அது இன்னும் காத்திருக்கிற பார்வை.

"மாமா, நில்லுங்க!" என்றாள் மங்களம்.

"மங்களம்!" என்று சன்னாசி அதட்டினான்.

"அதட்டாதீங்க. மாமா, உங்க மக உள்ள போகல. கொடிய நாசம் பண்ணுனது நானு. மருந்தடிச்ச பம்புல தண்ணி புடிச்சு அடிச்சேன். அந்த விஷம்தான் முறுக்குது. இவ லோரிலயே வாடை அடிக்குதுன்னு சொன்னா, நான்தான் வாய மூடுன்னு அடக்கிட்டேன்."

சீனி தூணை விட்டு நிமிர்ந்தான். பத்துமலை சன்னாசியைப் பார்த்தார். சன்னாசிக்கு முகம் கறுத்துவிட்டது.

"அவளுக்கு ஓரகத்தி மேல பாசம், அதான் உளர்றா. கழுவுன பம்பு அது."

"அப்ப மெத்தைக்கு அடியில இருந்த பன்னெண்டு கொடி மட்டும் எப்புடி நல்லா இருக்கு? அதுக்கு நான் தண்ணி அடிக்கல!"

"அது மேற்கு ஓரம். அந்தப் பக்கம் இவ போயிருக்க மாட்டா."

மங்களத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. விறுவிறுவென்று கொட்டகைக்குப் போனாள். மூலையில் பம்பு கிடந்தது, அன்று அடித்தது போக மிச்சத் தண்ணீர் இன்னும் உள்ளே இருந்தது. ஒரு வாரமாக ஊறிக்கிடக்கிற தண்ணீர். முதுகில் மாட்டிக்கொண்டு கொடிக்காலுக்குள் நடந்தாள். மேற்கு வரிசையில் மூன்றாவது கொடி. எட்டு வருஷத்துக்கு முன்னால் சன்னாசி முதல் முதலாக நட்டது, மற்ற கொடிகள் எல்லாம் அதிலிருந்து வெட்டியவை. இடம் மாறியதே தெரியாமல் இரண்டு புது இலை விட்டிருந்தது.

"ஏய்! அது தாய்க்கொடிடி! வேற எதுலயாச்சும் அடி!" சன்னாசி ஓடிவந்தான்.

"வேற எதுல அடிச்சாலும் நீங்க ஒரு காரணம் சொல்வீங்க. இதுல அடிச்சா சொல்ல மாட்டீங்க."

அவன் கையை ஓங்கினான். குறுக்கே சீனி வந்து நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் கையைப் பிடித்தான். மங்களம் பம்பின் கையை நாலு தடவை மேலும் கீழும் அடித்து, தாய்க்கொடியை நுனி முதல் அடி வரை நனைத்தாள். சொட்டச் சொட்ட நனைத்தாள்.

பத்துமலை வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அந்தக் கொடியைப் பார்த்தார்.

"எத்தன நாள்ல தெரியும்மா?"

"மூணு நாள்."

"சனிக்கிழம வாரேன். அது வரைக்கும் எம்மக இங்கயே இருக்கட்டும். முறுக்குச்சுன்னா நீங்க எனக்குப் பதில் சொல்லணும். முறுக்கலேன்னா..." அவர் நிறுத்தினார். "நானே கூட்டிட்டுப் போயிடறேன். அப்புறம் எம்மக பேர நீங்க வாயால சொல்லக்கூடாது."

அவர் போன பிறகுதான் மங்களத்துக்கு உறைத்தது. முறுக்காவிட்டால்? அன்று லோரியில் அடித்ததிலேயே குழாயில் இருந்ததெல்லாம் வெளியே வந்திருந்தால்? மிச்சத் தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தால்? அப்போது பாப்பா உள்ளே போனவள்தான், அதற்கு அப்பீலே கிடையாது. ஒரே ஒரு நல்ல கொடியைக் காட்டி அந்தப் பெண்ணின் கதையை அவளே முடித்துவைத்தவள் ஆவாள்.

வியாழக்கிழமை அவள் ஏழு தடவை போய்ப் பார்த்தாள். கொடி ராணி மாதிரி நின்றது. இலைகளில் எண்ணெய் பூசிய பளபளப்பு. சன்னாசியும் போய்ப் பார்த்தான், திரும்பி வரும்போது அவன் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. அவளோடு அவன் பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை கொடி அப்படியே இருந்தது. மத்தியானமும் அப்படியே. இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவள் விரல்தான் பச்சையானது. தன் புருஷனின் முதல் கொடி செத்துப்போக வேண்டும் என்று ஒருத்தி முனியாண்டியைக் கும்பிடுவாளா? கும்பிட்டாள். சாயங்காலம் சன்னாசி வேலி ஓரமாக வந்து நின்று, இரண்டு நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"என்னமோ விஷம்னியே? எங்க? காட்டு."

அவளால் எதைக் காட்ட முடியும்? சன்னாசி சீனியைக் கூப்பிட்டான். "பாத்தியாடா? உங்கண்ணி பேச்சக் கேட்டு எங்கையப் பிடிச்ச இல்ல? வந்து பாரு." சீனி வந்து பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அந்த வீட்டில் அன்றைக்கு எல்லாரும் தீர்ப்பு வந்துவிட்டது போலத்தான் நடந்துகொண்டார்கள். மங்களம் சோறாக்கி, இருக்கிறவர்களுக்குப் போட்டுவிட்டு, தானும் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மறுபடியும் கொடியிடம் போய் உட்கார்ந்தாள். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் எழுந்து ஓடினாள்.

நுனி திருகியிருந்தது. இரண்டு புது இலைகளில் மேலே இருந்தது கரண்டிக் காம்பு மாதிரி ஒடுங்கி உள்பக்கம் சுருண்டிருந்தது. கீழே தண்டில் முதல் கணு வீங்கியிருந்தது. மங்களம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

சன்னாசி வந்தான். குனிந்தான். நுனியைத் தொட்டான். கிழக்கே இருபத்தெட்டுக் கொடிகளைப் பார்த்தான், மறுபடி இதைப் பார்த்தான். எட்டு வருஷமாக அவனுக்குத் தெரிந்த செடி, அது பொய் சொல்லாது என்று அவனுக்குத் தெரியும். முழங்காலில் கையூன்றி மெல்ல எழுந்தான். அவளைத் திட்டவில்லை. அந்த முகத்தைப் பார்க்க, திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அடி வளையம் மண்ணுக்குள்ளதான் இருக்கு," என்றாள் மங்களம். "மருந்து கீழ இறங்குறதுக்குள்ள மேல இருக்கிறத எல்லாம் வெட்டிடணும். பாதியாச்சும் மறுபடி துளிர்க்கும்ங்க. இன்னிக்கே வெட்டணும்."

"ம்," என்றான்.

எட்டு மணி பஸ்ஸில் பத்துமலை வந்தார். சீனி அவரைக் கொடிக்காலுக்குள் அழைத்துப்போய்க் காட்டினான். அவர் பார்த்துவிட்டு வந்து அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார், பதிலுக்குக் காத்திருந்தார். சன்னாசி தொண்டையைக் கனைத்தான். கையைப் பிசைந்தான். கல்லைப் பிளந்தாலும் அவன் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வராது. கடைசியில் கொட்டகைப் பக்கம் திரும்பி, இதுவரை அவன் அவளிடம் பேசாத மெல்லிய குரலில் சொன்னான்.

"பாப்பா, அப்பாவுக்குக் கோப்பி போடும்மா. எனக்கும் ஒண்ணு போடு."

அவன் அளவில் அது பெரிய சங்கதி. சீனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மங்களத்துக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பாப்பா வந்து அடுப்பைப் பற்றவைத்து, கோப்பி போட்டு, எல்லாருக்கும் கொடுத்தாள். சன்னாசிக்கும் கொடுத்தாள். பத்துமலை இந்தத் தடவை குடித்தார். குவளைகளை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாப்பா உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் பை இருந்தது.

"போலாம்ப்பா."

சீனி திகைத்துப்போய் நின்றான். மங்களம் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"எங்கடி போற? அதான் எல்லாம் தெரிஞ்சிருச்சே! உம்மேல ஒரு குத்தமும் இல்லேன்னு ஆயிருச்சே! நான் வேணா உன் கால்ல விழறேன்டி."

"ஐயோ, அதெல்லாம் வேணாம்க்கா. எங்கப்பா முன்னால நீங்க உண்மையச் சொன்னீங்க. இந்த வீட்டுல வேற யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் அத மறக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

பாப்பா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் கொடி நல்லாத்தானே இருந்துச்சு. அப்ப இந்த வீட்டுல யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடலக்கா. நீங்களும் கூப்பிடல."

மங்களத்தின் வாய் திறந்தது. நேற்றுச் சோற்றுப் பானையையும் தான் எடுத்துவைத்த தட்டுகளையும் நினைத்துப் பார்த்தாள். மூன்று தட்டுதான் வைத்திருந்தாள். கொடி முறுக்காத அந்த ஒரு பொழுதில், பம்பைத் தானே கழுவி, தானே அடித்து, எல்லாம் தெரிந்த அவளே, ஒருவேளை இவள் உள்ளே போயிருப்பாளோ என்று நினைத்திருக்கிறாள்.

அவள் பிடி தானாகத் தளர்ந்தது. பாப்பா அப்பாவின் பின்னால் படலைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு இறங்கினாள். சீனி செருப்பைக்கூட மாட்டாமல் அவள் பின்னாலேயே ஓடினான், பையை வாங்கிக்கொண்டான், அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேரும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போகிற வரையில் மங்களம் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெயில் ஏறுது," என்று உள்ளேயிருந்து சன்னாசி குரல் கொடுத்தான். "கத்திய எடுத்துட்டு வா."